கூடையில் இருந்த கோப்பை

எங்கள் ஊரில் பெருமையடித்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்று இருந்தது. கோயிலைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்குப் பழமலைநாதர் இருந்தார். ரயில்வே குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஜங்ஷன் இருந்தது. எந்த ரயிலைச் சொன்னாலும் அது விருத்தாசலத்தில் நிற்காமல் போகாது என்று சாதிப்பார்கள். எனக்கு அப்பாவின் மினி லாரி இருந்தது. மற்றவர்களாவது அவ்வப்போதுதான் பீற்றிக்கொண்டார்கள். நான் ஒருநாளும் விட்டதில்லை.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போனது. தொழிற்பேட்டைச் சூளைகளில் வெந்து வருகிற கோப்பை, பொம்மை, ஃபியூஸ் கட்டை, அகல் எல்லாம் வைக்கோலில் பொதிந்து வண்டியேறும். எவ்வளவு வைக்கோல் வைத்தாலும் இறக்குகிற இடத்தில் கொஞ்சம் உடைந்துதான் கிடக்கும். அது அந்தத் தொழிலில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். அப்பா ஓட்டிப்போன லோடில் மட்டும் உடையாது. ‘உடையாத வண்டி’ என்றுதான் தொழிற்பேட்டையில் அப்பாவின் லாரிக்குப் பெயர். அவர் யாரையும் முந்தமாட்டார். பின்னால் வருகிற பஸ்காரர்கள் ஹாரனை அழுத்தி அழுத்தி ஓய்ந்துபோய், கடைசியில் கடந்து போகும்போது எட்டிப்பார்த்து ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பா காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

வெளியூர் வியாபாரிகள் யாராவது வந்தால் பீங்கான் கம்பெனி முதலாளி அப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தித் தோளைத் தட்டுவார். “இவரு வண்டியே கவுந்தாலும் கப்பு கவுறாது” என்பார். வியாபாரிகள் சிரிப்பார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதை அடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த அடக்கத்தில் கடுகளவும் எனக்கு வரவில்லை என்று அம்மா சொல்வாள். அம்மா அதே கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள். அதனால் முதலாளி பேசியதெல்லாம் அன்றன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும். மறுநாள் காலையில் நான் அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவேன்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது சாலைப் பாதுகாப்பு வாரத்துக்காக எங்கள் பள்ளியில் மிதிவண்டிப் பேரணி நடத்தப் போவதாக அறிவித்தார்கள். போக்குவரத்துப் போலீஸும் கம்பெனி முதலாளியும் சேர்ந்து செய்த ஏற்பாடு. வெறுமனே சைக்கிளில் போய் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. எதையும் புதுசாகச் செய்துபார்க்கிற ஆள் அவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பீங்கான் கோப்பை தருவது, அதை சைக்கிளின் முன்கூடையில் வைத்துக்கொண்டு ஓட்டுவது, வைக்கோலோ துணியோ எதுவும் சுற்றக் கூடாது என்பது அவர் போட்ட விதி. பள்ளி மைதானத்தில் கிளம்பி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, பாலக்கரை வழியாகப் போய், தொழிற்பேட்டை வாசலில் முடிய வேண்டும். உடையாமல் கொண்டுவந்து சேர்ப்பவர்களின் கோப்பையில் நீல மையில் அவரவர் பெயரை எழுதி, மறுபடி சூளையில் சுட்டு, காலத்துக்கும் அழியாதபடி கொடுப்பார்களாம்.

“கப்ப ஒடைக்காம ஓட்டத் தெரிஞ்சவங்க தலையயும் ஒடைக்காம ஓட்டுவாங்க” என்று முதலாளி எங்கள் பள்ளி மேடையில் வந்து சொன்னார். எல்லோரும் கை தட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன், ஏனென்றால் வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. உடையாத வண்டிக்காரர் பெண்ணுக்கு இதெல்லாம் ஒரு போட்டியா என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவும் அதையே சொன்னது. அதற்குப் பிறகு அது என் கோப்பையாக இல்லை. அப்பாவின் பெயரைத்தான் கூடையில் வைத்து ஓட்டப்போகிறேன் என்று ஆகிவிட்டது.

எனக்குச் சொந்தமாக சைக்கிள் கிடையாது. அக்கா பிளஸ் ஒன் சேர்ந்தபோது அரசாங்கம் கொடுத்தது ஒன்று இருந்தது. கூடை வைத்தது. சீட்டின் மேல் வந்த பாலிதீன் உறையைக்கூட அக்கா கிழித்ததில்லை. அதை ஒருநாளைக்கு இரவல் வாங்குவதற்கு நான் பட்ட பாடு பெரிய பாடு. அக்காவின் துணிகளைத் துவைத்தேன். அவள் தோழிகள் வந்தபோது வழக்கம்போல் நடுவில் உட்கார்ந்து பாடாமல், எனக்குப் பாட வராது என்று நானாகவே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். கடைசியில், “செயின் கழண்டுச்சின்னா வூட்டுக்கு வராத” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள்.

அன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். தொழில் ரகசியத்தைக் கேட்டுவிடுவது என்று முடிவு.

“எப்டிப்பா ஒடையாம ஓட்றது?”

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. ரகசியம் பெரியது போலிருக்கிறது என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்துபோய் அக்காவின் சைக்கிளைப் பார்த்தார். பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

“இது புடிக்கல. நாளைக்கு சரி பண்ணிட்டு வந்துடலாம்” என்றார். அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

எங்கள் தெருமுனையிலேயே ஒரு சைக்கிள் கடை இருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொன்று. ஆனால் எங்கள் வீட்டில் காற்று அடிக்க வேண்டும் என்றால்கூட ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைக்குத்தான் போக வேண்டும். அது அப்பாவின் சட்டம். கேட் மூடியிருந்தால் திறக்கிறவரை நிற்கவும் வேண்டும். ஏன் என்று கேட்டால், “அவரு வேல சுத்தமா இருக்கும்” என்பார். அப்படிப் புகழ்கிறவர் கடைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வெளியிலேயே நிற்பார். கடையில் வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு கிடந்தது. அப்பா அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கிரீஸ் படும் என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். நாள் முழுக்க லாரிக்கு அடியில் படுத்து எழுந்திருக்கிற மனிதருக்குக் கிரீஸ் என்ன பயம் என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

கடைக்காரரை நாங்கள் மாமா என்போம். அவருக்கு வலது கால் மடங்காது. நீட்டியபடியே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். கால் ஏன் இப்படி ஆனது என்று நான் கேட்காத நாளில்லை. அவரும் சளைக்காமல் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை சொல்வார். ஒருநாள் புளியமரத்திலிருந்து விழுந்திருப்பார். இன்னொருநாள் மாடு முட்டியிருக்கும். ஒருமுறை முதலை கடித்தது என்றார். மணிமுத்தாற்றில் தண்ணீரே இல்லையே, முதலை எங்கிருந்து வந்தது என்று மடக்கினேன். “அதான் அதுக்கும் கோவம்” என்றார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

பிரேக் சரிபண்ணப் போன அன்றைக்குப் பேரணியைப் பற்றி அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கோப்பை, நீல மை, சூளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு, “எங்க அப்பா வண்டியில ஒரு கப்புகூட ஒடஞ்சது கெடையாது. தெரியுமா மாமா?” என்று கேட்டேன்.

அவர் பிரேக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். முகத்தைத் தூக்காமலே, “தெரியும்மா” என்றார்.

வெளியே நின்ற அப்பா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்துக்கு ரயில் எதுவும் கிடையாது.

மாமா இரண்டு சக்கரத்துக்கும் புதுப் பிரேக் கட்டை போட்டார். சைக்கிளை வேகமாகத் தள்ளி, சட்டென்று பிடித்துக் காட்டினார். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி இறங்கியது. “புடிச்சா நிக்கணும். அவ்ளோதான்” என்று என்னிடம் கொடுத்தார். இவ்வளவு முரட்டுப் பிரேக்கை வைத்துக்கொண்டு கோப்பையை எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்குக் கவலையாகிவிட்டது. திரும்பி வரும் வழியில், பிரேக்கைத் தொடாமலே ஓட்டிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

பேரணியன்று காலையில் மைதானம் திருவிழா மாதிரி இருந்தது. எல்லோருக்கும் காகிதத் தொப்பியும் பச்சை நாடாவும் கொடுத்தார்கள். முன்னால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ. அதில் இருந்த ஆள் சாலை விதிகளைச் சொல்லிக்கொண்டே ரோஸ் நிற நோட்டீஸ்களை இரண்டு பக்கமும் வீசவேண்டும். கடைசியில் அப்பாவின் மினி லாரி. பஞ்சர் ஆன சைக்கிள்களையும் களைத்துப்போன பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்வதற்காக முதலாளி அனுப்பியிருந்தார். முன்னால் போலீஸ், பின்னால் அப்பா, நடுவில் நான். இதைவிட மரியாதையாக விருத்தாசலத்தில் யாரும் ஊர்வலம் போயிருக்க முடியாது என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் விசிலடித்தார். கிளம்பினோம்.

கோப்பை வெள்ளை வெளேரென்று கூடைக்குள் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு குழிக்கும் அது ‘ணங்’ என்று ஒருதரம் கூடைக் கம்பியில் தட்டும். என் நெஞ்சும் ஒருதரம் தட்டும். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் வரிசையாக நாலைந்து கோப்பைகள் போயின. பிள்ளைகள் அழுதார்கள். டீக்கடையில் நின்றவர்கள் ‘உச்’ கொட்டினார்கள். நான் சீட்டைவிட்டு எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, மெத்தென்று ஏறி இறங்கினேன். “டிரைவரு பொண்ணு பாருடா” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக இன்னொரு தடவை சுற்றி வந்து ஏறி இறங்கலாம் போலிருந்தது.

பாலக்கரையைத் தாண்டி ஒரு சரிவு. அதில் இறங்கி நேராகப் போனால் கொஞ்ச தூரத்தில் தொழிற்பேட்டை. இனி ஜெயித்த மாதிரிதான். நீல மையில் என் பெயர் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். முன்னால் போன ஆட்டோவிலிருந்து ஒரு கொத்து நோட்டீஸ் பறந்தது. அதில் ஒன்று நடுரோட்டில் வந்து விழுந்தது. ஓரத்தில் நின்ற கூட்டத்திலிருந்து ஒரு சின்னப் பெண், மூன்று வயதுகூட இருக்காது, உப்பலாகக் கவுன் போட்டது, அம்மாவின் கையை உதறிக்கொண்டு அந்த ரோஸ் காகிதத்தை எடுக்க ஓடிவந்தது. ‘சாலையைக் கடக்குமுன் இருபுறமும் பார்’ என்று அதில் அச்சடித்திருந்தார்கள்.

யோசித்து எதையும் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டு கையும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டன. மாமா சொன்னபடி சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலாகச் சாய்ந்து விழுந்தேன். எனக்கு முன்னால் கோப்பை கிளம்பிவிட்டது. தார் ரோட்டில் அது உடைந்த சத்தத்தை இன்றைக்கும் என்னால் கேட்க முடியும்.

அந்தக் குழந்தை நோட்டீஸை எடுத்துக்கொண்டது. என்னையும் ஒருமுறை பார்த்தது. அதன் அம்மா ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனாள். என்னை யாரும் பாராட்டவில்லை. இன்ஸ்பெக்டர் விசிலடித்துக்கொண்டே வந்து, “ஏம்மா லைன ஒடைக்கிற, ஓரமா வா” என்றார். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் கூடைகளில் கோப்பைகள் ணங் ணங் என்று பத்திரமாகப் போயின.

முழங்காலில் ரத்தம் வந்தது. அதற்காக நான் அழவில்லை. உடையாத வண்டி என்று ஊரே சொன்ன பெயரை ஒரு நொடியில் நடுரோட்டில் போட்டு உடைத்துவிட்டேனே என்றுதான் அழுதேன். பின்னால் மினி லாரி நின்றது. அப்பா இறங்கி வந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் முதலில் என் முழங்காலைப் பார்த்தார். அப்புறம் அந்தக் குழந்தை போன பக்கம் பார்த்தார். அங்கே அது அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து காகிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, உடைந்த சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் போட்டுக்கொண்டார். மற்ற சைக்கிள்களின் டயரில் குத்தும் என்று எடுக்கிறார் என நினைத்தேன்.

“கப்பு ஒடஞ்சிடுச்சிப்பா” என்றேன்.

“பாத்தன். ஏறி ஓட்டு. கடைசி வரைக்கும் போகணும்.”

காலிக் கூடையோடு போனேன். என் பின்னாலேயே லாரி ஊர்ந்து வந்தது.

தொழிற்பேட்டை வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கோப்பையோடு வந்தவர்கள் ஒரு வரிசை, இல்லாமல் வந்தவர்கள் ஒரு வரிசை. முதலாளி மைக்கைப் பிடித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எங்கள் வரிசையில் என்னைக் கண்டதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஊரு கப்பெல்லாம் பத்திரமா கொண்டுபோயி சேக்குற நம்ம டிரைவரு, சொந்தப் பொண்ணு கப்ப விட்டுட்டாரேப்பா” என்றார். பந்தலே சிரித்தது. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தேன். இத்தனை நாள் புகழும்போதெல்லாம் தரையைப் பார்த்த மனிதர், அன்றைக்கு எல்லோரும் சிரிக்கும்போது தலையை நிமிர்த்தி நின்றார். அவரும் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அப்பாவுக்கு மானம் போனதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

வீட்டுக்குப் போகும் என்று நினைத்த லாரி ரயில்வே கேட் பக்கம் திரும்பியது. சைக்கிளைப் பின்னால் ஏற்றியிருந்தார். விழுந்ததில் செயின் தளர்ந்திருக்கும், அக்காவிடமிருந்து என்னைக் காப்பாற்றத்தான் கடைக்குப் போகிறார் என்று நினைத்தேன். கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். வெளியே நிற்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே போனார். துண்டை அவிழ்த்து, மாமாவுக்கு முன்னால் பெஞ்சின்மேல் அந்தச் சில்லுகளை வைத்தார்.

மாமா சில்லுகளைப் பார்த்தார். என் முழங்காலைப் பார்த்தார்.

“பிரேக்கு புடிச்சிச்சா?”

“புடிச்சிச்சிண்ணே” என்றார் அப்பா. “குறுக்க ஒரு கொழந்த வந்துடுச்சி. பாப்பா புடிச்சிட்டா. கப்பு போயிடுச்சி.”

“கொழந்த?”

“ஒண்ணும் ஆவல. நல்லா இருக்குது.”

மாமா கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு பெஞ்சின் மீதிருந்த ஸ்பானர்களை ஒதுக்கி இடம் பண்ணி, “உக்காருப்பா” என்றார். அப்பா உட்கார்ந்தார். எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. எனக்கு மட்டும் பன்னும் சேர்த்துச் சொன்னார் மாமா. இரண்டு பெரிய ஆட்கள் ஒரு உடைந்த கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டு, பேசாமல், ஏதோ கல்யாணம் நிச்சயம் ஆனவர்கள் மாதிரி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பன் நன்றாக இருந்தது.

அந்தக் கோப்பையின் கைப்பிடி மட்டும் உடையாமல் முழுசாக இருந்தது. அப்பா அதில் நூலைக் கோத்து லாரியில் பழமலைநாதர் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். உடையாத வண்டியில் உடைசலை எதற்குத் தொங்கவிட்டிருக்கிறாய் என்று முதலாளி கேட்டிருக்கிறார். “எங்க பாப்பா வாங்கன பிரைஸுங்க” என்று அப்பா சொன்னாராம். அம்மா வந்து சொன்னபோது அது கேலி என்று நினைத்து அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

நான் வளர்ந்து, ஸ்கூட்டர் ஓட்ட லைசென்ஸ் வாங்கி வந்த அன்றுதான் அம்மா சொன்னாள். அப்பா லோடுக்குப் போயிருந்தார். நான் பிறப்பதற்கு முன்னால் வேப்பூர் போகிற ரோட்டில் அது நடந்ததாம். முன்னால் போன ஒரு சைக்கிள் சட்டென்று குறுக்கே திரும்பியிருக்கிறது. பிரேக்கை அழுத்தி மிதித்திருந்தால் லாரி நின்றிருக்கும். ஆனால் பின்னால் வண்டி நிறையக் கோப்பைகள். பீங்கான் ஏற்றிப் பழகிய கால், எப்போதும் போல மெதுவாகத்தான் மிதித்தது. யோசித்துச் செய்ததல்ல, கால் செய்ததுதான் என்று அம்மா சொன்னாள். அப்பா ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லையாம். சைக்கிளில் போனவரை அவரே தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். உயிர் பிழைத்தது, கால் மடங்கவில்லை. லோடை இறக்கிப் பார்த்தபோது ஒரு கோப்பைகூட உடைந்திருக்கவில்லை. ஆக்சிடென்ட் ஆகியும் உடையவில்லையே என்று அசந்துபோன முதலாளி, அன்றைக்குத்தான் அந்த லாரிக்கு ‘உடையாத வண்டி’ என்று பெயர் வைத்தார்.

அந்தக் கைப்பிடி இப்போது என் வீட்டில் இருக்கிறது. நான் வாங்கிய எந்தச் சான்றிதழையும்விட அதைத்தான் வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறேன். அப்பாவைப் பற்றிய பெருமையும் எனக்குக் குறையவில்லை. ஆனால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கடையை நினைக்கும்போது மட்டும் எனக்குத் தலை தானாகக் குனிந்துவிடுகிறது. அங்கே நின்றுகொண்டு, அப்பா வண்டியில் ஒரு கப்புகூட உடைந்ததில்லை, தெரியுமா என்று நான் கேட்டேன். யாரிடம் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியாது. அவர் மடங்காத காலை நீட்டி உட்கார்ந்தபடி, என் பிரேக்கை இறுக்கிக்கொண்டே, ‘தெரியும்மா’ என்றார்.